பல் உறைச் சிமெண்டும் பட்டியல் எண்களும்

சிமெண்டு என்றதும் கோவை வட்டாரத்து மக்களுக்கு மதுக்கரைதான் நினைவுக்கு வரும். 1934-இல் அங்கு ஆலை தொடங்கப்பட்டது. அது முதல் நம் பக்கத்து வீடுகளும் பாலங்களும் அந்தச் சுண்ணாம்புப் பாறையின் துணையால் எழுந்தவையே. ஆனால் நம்மில் பலர் வேறொரு வகைச் சிமெண்டை வாயிலேயே சுமந்துகொண்டு நடமாடுகிறோம். அதன் எடை ஒரு கிராமில் ஒரு சிறு பகுதி. தடிப்போ தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. பல்லின்மேல் மாட்டப்பட்ட உறை கழன்று விழாமல் காப்பது அதன் வேலை.

வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சிறிதாக்கி, அதன்மேல் உலோகத்தாலோ பீங்கானாலோ செய்த உறை ஒன்றை மருத்துவர் பொருத்துகிறார். இதை நம் ஊரில் 'கேப் போடுவது' என்று சொல்வர். உறைக்கும் பல்லுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்பி இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவைப்பதற்குச் சிமெண்டு தேவை. விசைத்தறி ஓட்டும் ஒருவருக்கு ஓர் உறையின் செலவு பல நாள் கூலி. அந்த உறை ஒரு கமர்கட்டுத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அவருக்கு நேரும் இழப்பு பணம் மட்டுமன்று, பல்லும் போகக்கூடும். ஆகவே, எந்தச் சிமெண்டு சிறந்தது என்ற கேள்வி மருத்துவருக்கு மட்டும் உரியதாகாது. இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. கேள்விக்கு விடையாகத் தரப்படும் எண்கள் அனைத்தும் இயற்பியல் எண்களே. அவை எப்படி அளக்கப்பட்டன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்ப்பது எங்கள் தொழிலைச் சேர்ந்தது.

சிமெண்டுக் குப்பிகளோடு வரும் விளக்கத் தாள்களிலும், பாடநூல்களிலும், பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளிலும் ஒரே மாதிரியான ஒப்பீட்டுப் பட்டியலைக் காணலாம். இடப்பக்கம் சிமெண்டுகளின் பெயர்கள். வலப்பக்கம் மெகாபாஸ்கலில் வலிமை எண்கள். பெரிய எண் உள்ளது சிறந்தது என்ற முடிவுக்குப் படிப்பவர் தாமாகவே வந்துவிடுகிறார். இப்பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆயினும் வாய்க்குள் நடப்பதற்கு அது ஒரு மோசமான வழிகாட்டி என்பது என் கருத்து.

முதலில் இச்சிமெண்டுகளோடு சிறிது அறிமுகம் செய்துகொள்வோம். இவற்றுள் மூத்தது துத்தநாகப் பாஸ்பேட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. துத்தநாக ஆக்சைடும் சிறிது மக்னீசியம் ஆக்சைடும் கலந்த பொடியைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் குழைத்தால் அது வெப்பத்தை வெளியிட்டு இறுகும். இதற்குப் பல்லோடு வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. பல்லின் சொரசொரப்பிலும் உறையின் உட்புறச் சொரசொரப்பிலும் புகுந்து இறுகி, சாவியைப் போல் இடையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. 1968-இல் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித் என்பவர் பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதிலாகப் பாலிஅக்ரிலிக் அமிலத்தைப் பயன்படுத்திப் பாலிகார்பாக்சிலேட்டுச் சிமெண்டை உருவாக்கினார். பல்லின் கால்சியத்தோடு தானே ஒட்டிக்கொண்ட முதல் சிமெண்டு இது. அதே அமிலத்தோடு ஒருவகைக் கண்ணாடிப் பொடியைச் சேர்த்து லண்டனில் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் 1970-களின் தொடக்கத்தில் கிளாஸ் அயனோமரைக் கண்டனர். அதன் கண்ணாடியில் ஃபுளூரைடு அடங்கியிருப்பதால் அது சிறிது சிறிதாக வெளிவருகிறது. பின்னர் இதோடு பிசின் கலந்த வகையும் வந்தது. கடைசியாக நிற்பவை முழுப் பிசின் சிமெண்டுகள். 1955-இல் மைக்கேல் புவனோகோர் பல்லின் எனாமலை அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு பற்றும் என்று காட்டியதில் இவற்றின் வரலாறு தொடங்குகிறது.

இனிப் பட்டியலுக்கு வருவோம்.

நூற்றிருபத்தெட்டுக் கிலோவும் இருபத்துமூன்று கிலோவும்

பட்டியலின் முதல் எண் பெரும்பாலும் அமுக்க வலிமை. பாலிகார்பாக்சிலேட்டுக்கு 55 முதல் 85 மெகாபாஸ்கல் வரை, துத்தநாகப் பாஸ்பேட்டுக்குச் சுமார் 100, கிளாஸ் அயனோமருக்கு 90 முதல் 140 வரை, பிசின் சிமெண்டுக்கு 200-க்கு மேல் என்று இருக்கும். இதை அளக்க 4 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சிறு உருளையைச் சிமெண்டால் வார்த்து, 37 டிகிரி செல்சியசில் நீரில் ஒரு நாள் வைத்து, பிறகு எந்திரத்தில் நசுக்குகிறார்கள்.

உருளையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர மில்லிமீட்டர். 100 மெகாபாஸ்கல் என்றால் அது தாங்கும் விசை 1,257 நியூட்டன். அதாவது 128 கிலோ எடை. பட்டாணி அளவே உள்ள ஒரு பொருள் நூறு கிலோ மூட்டையைவிட அதிக எடையைத் தாங்குகிறது என்பது வியப்புக்குரியதே. இப்போது அதே உருளையை நிமிர்த்தி நிறுத்தாமல் படுக்கவைத்து மேலிருந்து அழுத்துவோம். அப்போது உருளையின் நடுவில் இழுவிசை தோன்றி அது இரண்டாகப் பிளக்கும். கட்டடப் பொறியியல் மாணவர்கள் கான்கிரீட்டு உருளையைப் படுக்கவைத்துச் செய்யும் பிளவுச் சோதனை இதுவே. துத்தநாகப் பாஸ்பேட்டின் இழுவிசை வலிமை சுமார் 6 மெகாபாஸ்கல். கணக்கிட்டால் 226 நியூட்டன், அதாவது 23 கிலோவிலேயே உருளை பிளந்துவிடும். பொருள் ஒன்று, வடிவம் ஒன்று, படுக்கவைத்ததும் 128 கிலோ 23 கிலோவாயிற்று!

உறை கழலும்போது சிமெண்டு நசுங்குவதில்லை. கமர்கட்டும் கடலை மிட்டாயும் உறையை மேல்நோக்கி இழுக்கின்றன. பாக்கை ஒரு பக்கமாக வைத்துக் கடிக்கும்போதும், பொங்கலுக்குக் கரும்பைப் பல்லால் உரிக்கும்போதும் உறை பக்கவாட்டில் சாய முயல்கிறது. இவற்றில் சிமெண்டுப் படலத்தின் ஒரு பகுதி இழுக்கப்படுகிறது. ஒரு பகுதி வெட்டு விசைக்கு உள்ளாகிறது. நொறுங்கும் தன்மையுள்ள பொருள்கள் இழுவிசையில்தான் முதலில் தோற்கும். ஆகவே, பட்டியலில் தடித்த எழுத்தில் அச்சிடப்படும் அமுக்க வலிமை, நடக்காத விபத்துக்கான காப்பீட்டுத் தொகை போன்றது. அதை ஏன் இன்னும் முதலில் அச்சிடுகிறார்கள்? அளப்பது எளிது, எண்ணும் பெரியது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

இன்னொன்றையும் இச்சோதனை மறைக்கிறது. உருளை ஒரே முறையில் உடைக்கப்படுகிறது. வாயில் அப்படி நடப்பதில்லை. ஒரு நாளைக்கு 1,500 முறை மெல்வதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் முறை. ஒவ்வொரு முறையும் விசை சிறிதுதான். ஆயினும் கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போல, சிறு விசையின் அடுக்கல் நுண்விரிசலை வளர்த்துக்கொண்டே போகும்.

ஒட்டும் வலிமை என்னும் எண்

அமுக்க வலிமையின் குறையை அறிந்தவர்கள் 'ஒட்டும் வலிமை'யைப் பார்க்கச் சொல்வார்கள். பிடுங்கிய பல்லின் ஒரு முகத்தைத் தட்டையாக இழைத்து, அதில் சிமெண்டால் ஒரு சிறு துண்டை ஒட்டி, எவ்வளவு விசையில் பெயர்கிறது என்று அளப்பது இது. இங்குதான் பிசின் சிமெண்டுகள் மிக உயரத்தில் நிற்கின்றன. கிளாஸ் அயனோமர் 3 முதல் 5 மெகாபாஸ்கல் என்றால், பிசின் வகைகள் 15, 20, 30 என்று ஏறுகின்றன.

இந்த எண்ணுக்கு ஒரு விசித்திரமான பண்பு உண்டு. ஒட்டிய பரப்பைச் சிறிதாக்கினால் எண் பெரிதாகிறது. 1994-இல் சானோ என்ற ஜப்பானிய அறிஞரும் அவருடைய துணைவர்களும் சதுர மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்டுப் பரப்பைக் குறைத்து இழுத்துப் பார்த்தபோது, அதே பசை முன்பைவிட மிகுந்த வலிமை காட்டியது. காரணம் இயற்பியல் மாணவர்களுக்குத் தெரிந்ததே. 1921-இல் கிரிஃபித்து காட்டியவாறு, நொறுங்கும் பொருளின் வலிமையை அதிலுள்ள மிகப் பெரிய விரிசல் முடிவுசெய்கிறது. பரப்பு சிறிதானால் பெரிய குறை ஒன்று அதில் அகப்படும் வாய்ப்பும் குறைகிறது. அப்படியானால், மூன்று மில்லிமீட்டர் விட்டத்தில் ஒட்டி அளந்த ஒரு சிமெண்டையும், ஒரு மில்லிமீட்டரில் ஒட்டி அளந்த இன்னொன்றையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதுவது முறையா? எழுதுகிறார்கள். உறைக்குள் இருக்கும் பரப்போ இவ்விரண்டையும்விட மிகப் பெரியது, தட்டையானதும் அன்று.

கோவை, சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் ஆகிய ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நம் மாநிலக் கல்லூரிகளில் உறைச் சிமெண்டுகளை ஒப்பிடும் ஆய்வேடுகள் குறைவில்லாமல் எழுதப்படுகின்றன. உழைப்பில் குறை சொல்ல முடியாது. பிடுங்கிய பற்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி இழைப்பது பெரும் பொறுமை வேண்டும் பணி. ஆனால் குழுவுக்குப் பத்துப் பல் என்ற வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு சிமெண்டின் சராசரி 10, இன்னொன்றின் சராசரி 12, இரண்டிலும் சிதறல் 3 என்று கொள்வோம். பத்துப் பத்துப் பற்களை வைத்துப் பார்த்தால் இரு சராசரிகளின் வேறுபாட்டில் உள்ள பிழை சுமார் 1.3. வேறுபாடு 2. இது தற்செயலாகவும் தோன்றக்கூடிய அளவே. ஆய்வேட்டில் இச்சிதறல் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து விளம்பரத் தாளுக்கு எண் போகும்போது சராசரி மட்டும் போகிறது. சிதறல் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

டம்ளரின் பாடம்

எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு ஒன்றனுள் ஒன்று இறுகிக்கொண்டால் பிரிப்பதற்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாடுபட வேண்டியிருக்கும். அங்கே எந்தப் பசையும் இல்லை. அகன்ற வாயுள்ள கிண்ணங்களை அப்படி அடுக்கினால் ஒருபோதும் இறுகுவதில்லை. சுவரின் சாய்வே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இழைத்த பல்லின் எதிரெதிர்ச் சுவர்கள் மேல்நோக்கிக் குவியும் கோணம் சிறிதாக இருந்தால் உறை ஒரே ஒரு வழியில்தான் கழல முடியும். அவ்வழியில் செல்லும்போது சிமெண்டு முழுவதும் வெட்டப்பட வேண்டும். கோணம் பெரிதாகிவிட்டால் உறை பல திசைகளில் நழுவும். சிமெண்டு இழுபட்டுக் கிழியும். 1955-இல் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கென்சன் இதை அளந்து காட்டினார். கோணம் 5 டிகிரியிலிருந்து 10 டிகிரியானதும் உறையின் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிமெண்டு மாறவில்லை; மருத்துவரின் கை சிறிது சாய்ந்தது, அவ்வளவே. இழைத்த பல்லின் உயரம் குறைந்தாலும் இதே கதிதான்.

வாயில் நடந்த சோதனைகளும் இதையே ஒட்டிப் பேசுகின்றன. நார்வேயில் யோக்ஸ்டாட் என்பவர் ஒரே நோயாளியின் வாயில் ஓர் உறையைத் துத்தநாகப் பாஸ்பேட்டாலும் இன்னொன்றைப் பிசின் கலந்த கிளாஸ் அயனோமராலும் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டார். இரண்டுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. ஜெர்மனியில் உலோகத்தின்மேல் பீங்கான் சுட்ட உறைகளுக்குத் துத்தநாகப் பாஸ்பேட்டையும் தானே ஒட்டும் பிசின் சிமெண்டையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்விலும் அப்படியே. பல்லோடு வேதிப் பிணைப்பே இல்லாத, பட்டியலில் 'ஒட்டும் வலிமை' என்ற இடத்தில் சுழியம் போட வேண்டிய ஒரு சிமெண்டு, பட்டியலின் உச்சியில் நிற்பதற்குச் சமமாக உறையைப் பிடித்து நின்றிருக்கிறது. பட்டியலை வைத்து இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இதனால் பிசின் சிமெண்டு வீண் என்று கொள்ளக் கூடாது. பல் குட்டையாகத் தேய்ந்துபோய் டம்ளர்ப் பிடிப்பு கிடைக்காத இடத்தில் அதுவே துணை. கண்ணாடித் தன்மையுள்ள மெல்லிய பீங்கான் உறைகளுக்கும் முன்பல் ஓடுகளுக்கும் அது இன்றியமையாதது. பிசின் பின்னால் நின்று தாங்காவிட்டால் அப்பீங்கான் விரிசல் விட்டுவிடும். நல்ல உயரமும் நல்ல சாய்வும் உள்ள கடைவாய்ப் பல்லில் உலோக உறை பொருத்தும்போது, கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவதற்குத்தான் காரணம் புலப்படவில்லை. வலிமைக் குறைவே சிறப்பாகும் இடமும் உண்டு. நிலையான உறை தயாராகும்வரை போடும் தற்காலிக உறைக்குத் துத்தநாக ஆக்சைடோடு கிராம்புத் தைலத்தின் யூஜினாலைக் குழைத்த சிமெண்டைப் பயன்படுத்துவர். அது எளிதில் பெயர வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன் எச்சம் பல்லில் தங்கிவிட்டால் பின்னால் வரும் பிசின் சரியாக இறுகாது என்பது தனிச் சிக்கல். பல்வலிக்குப் பாட்டி வைத்த கிராம்பு, பேரனின் பிசினுக்கு ஆகவில்லை!

இருபத்துமூன்று டிகிரி எங்கே இருக்கிறது?

நீரால் இறுகும் பல் சிமெண்டுகளுக்கான சர்வதேசத் தர விதியின் எண் 9917. அதன்படி சிமெண்டைக் குழைக்கும் அறையின் வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸ், ஒரு டிகிரி கூடலாம், குறையலாம். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். விளக்கத் தாளில் 'வேலை நேரம் இரண்டு நிமிடம்' என்று எழுதியிருந்தால் அது இந்த அறைக்கு உரிய இரண்டு நிமிடம். கோவையில் ஏப்ரல் மாதத்து நண்பகல் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஈரோட்டையும் கரூரையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிர்சாதனம் இல்லாத, அல்லது மின்சாரம் நின்றுபோன ஒரு மருத்துவ அறையில் 33 டிகிரி என்பது மிகையன்று.

வேதி வினைகள் பத்து டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும் என்பது பள்ளியிலேயே படிக்கும் தோராய விதி. அதன்படி இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகச் சுருங்கும். இதனால் என்ன கெட்டுவிடும்? உறையை அழுத்தும்போது சிமெண்டு விளிம்பு வழியாகப் பிதுங்கி வெளியேறி, 25 மைக்ரான் தடிப்புள்ள படலமாக நிற்க வேண்டும். தர விதி கேட்பதும் அந்த அளவே. பாகுத்தன்மையுள்ள திரவத்தை இரு பரப்புகளுக்கிடையே பிதுக்குவதைப் பற்றி 1874-இல் ஸ்டெபான் ஒரு தொடர்பைக் கண்டார். பிதுங்க ஆகும் காலம் பாகுத்தன்மைக்கு நேர்விகிதத்திலும், எட்ட வேண்டிய தடிப்பின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 100 மைக்ரான் வரை மெலிய ஆகும் காலத்தைப்போல் 25 மைக்ரான் வரை மெலியப் பதினாறு மடங்கு காலம் வேண்டும். அதற்குள் நம் ஊர் வெப்பம் பாகுத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகிறது. விளைவாக, உறை முழுதும் இறங்காமல் பாதியில் நின்றுவிடும். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் உயரமாக இருப்பதாக நோயாளி சொல்வார். மருத்துவர் உறையின் மேற்புறத்தைத் தேய்த்து உயரத்தைச் சரிசெய்வார். உயரம் சரியாகும், கீழே விளிம்பில் விழுந்த இடைவெளி அப்படியே இருக்கும்.

துத்தநாகப் பாஸ்பேட்டைக் குழைப்பவர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். தடித்த கண்ணாடிப் பலகையைக் குளிரவைத்து, பொடியைச் சிறு கூறுகளாகப் பிரித்து, பலகை முழுவதும் பரப்பி ஒன்றன்பின் ஒன்றாகக் குழைப்பது அவர்கள் முறை. வினையில் பிறக்கும் வெப்பம் பலகையில் பரவிப்போகும், நேரம் கூடும், பொடியும் அதிகம் ஏறும். மிக அழகான நடைமுறை இயற்பியல் இது. ஆனால் எவ்வளவு குளிர்விக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பலகையின் வெப்பநிலை காற்றின் பனிநிலைக்குக் கீழே போனால், குளிர்ந்த செம்பில் வியர்ப்பதுபோல் பலகையும் வியர்க்கும். அந்த நீர் அமிலத்தோடு சேர்ந்து வினையை விரைவாக்கி, இறுகிய சிமெண்டின் வலிமையையும் குறைக்கும். நேரத்தைக் கூட்டச் செய்த வேலை நேரத்தைக் குறைத்துவிடுகிறது.

பனிநிலையைக் கணக்கிட்டால் நம் ஊரின் சிக்கல் தெளிவாகும். ஏப்ரலில் 35 டிகிரி வெப்பமும் 35 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 17 டிகிரி. பலகையை 20 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் வியர்க்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் 28 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு நாளில் பனிநிலை 24 டிகிரி. அதே 20 டிகிரிப் பலகை அன்று நனைந்துவிடும். வெயில் நாளில் சரியாக இருந்த பழக்கம் மழை நாளில் தவறாகிறது. பாடநூல் சொல்லும் 'பலகையைக் குளிர்விக்கவும்' என்ற ஒரு வரியில் இந்த வேறுபாடு இல்லை. அதை எழுதியவர்களின் அறையில் பருவக்காற்று வீசவில்லை.

வீட்டுச் சிமெண்டில் நாம் இப்படி ஏமாறவில்லை. ஐரோப்பியத் தர விதி கட்டடச் சிமெண்டை 20 டிகிரியில் சோதிக்கச் சொல்கிறது. இந்தியத் தர விதி 4031 அதே சோதனைகளை 27 டிகிரியில் செய்யச் சொல்கிறது. நம் நாட்டின் வெப்பம் வேறு என்று நம் பொறியாளர்கள் எண்ணிப் பார்த்து எழுதிய எண் அது. சுவருக்குக் காட்டிய இந்த அக்கறையைப் பல்லுக்கும் காட்டலாமே!

பிசின் சிமெண்டும் வெப்பத்துக்கு விலக்கன்று. கலந்த பின் விரைவாக இறுகுவதோடு, கலப்பதற்கு முன்பே அதிலுள்ள வினைதூண்டிகள் வெப்பத்தில் சிதைகின்றன. குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லும் பொருள், மே மாதத்தில் தகரக் கூரையிட்ட வண்டியில் ஊர் ஊராகச் சென்று வந்தால், குப்பியின்மேல் அச்சிட்ட வலிமை உள்ளே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பொடியும் திரவமுமாக வரும் வகைகளில் கரண்டி அளவு மாறுவதும் அப்படியே. கிளாஸ் அயனோமரில் பொடி குறைந்து நீர்த்த கலவை எளிதில் குழையும், உறையும் எளிதில் இறங்கும். வலிமை மட்டும் வெகுவாகக் குறையும். முன்கூட்டி அளந்து அடைத்த குப்பிகள் இக்குறையைப் போக்குகின்றன, விலை கூடுதல்.

உமிழ்நீரும் ஃபுளூரைடும்

கழன்று விழுந்த உறை ஒருவகையில் நல்ல உறை, கெட்டது தெரிந்துவிடுகிறது. விழாமல் இருந்துகொண்டே விளிம்பில் சிமெண்டு கரைந்து, உள்ளே சொத்தை வளர்வதுதான் அஞ்சத்தக்கது. இரு பற்களைத் தூணாகக்கொண்ட பாலத்தில் ஒரு தூண் விட்டுப்போனாலும் மற்றது பிடித்துக்கொண்டிருப்பதால் நோயாளிக்கு நெடுநாள் தெரியாது. துத்தநாகப் பாஸ்பேட்டு அமிலத்தில் கரையும். பட்டியலில் இதற்காக அதற்குக் குறைந்த மதிப்பெண் தருவர், அது நியாயமானதே. ஆனால் இங்கும் வடிவம் குறுக்கிடுகிறது. 1991-இல் ஜேக்கப்சு, வின்டலர் ஆகியோர் விளிம்பு இடைவெளியை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, 25 முதல் 75 மைக்ரான் வரை கரையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை; 150 மைக்ரானில் கூடியது. குறுகிய சந்தில் நீர் கலங்குவதில்லை. கரைந்த பொருள் மெல்லப் பரவித்தான் வெளியேற வேண்டும். நன்கு இறங்கிய உறையின் கீழே கரையும் சிமெண்டும் பிழைத்துக்கொள்ளும்.

கிளாஸ் அயனோமர் இறுகும் முதல் சில நிமிடங்களில் உமிழ்நீர் பட்டால் கெடும். உலர்ந்துபோனாலும் விரிசல் விடும். விளம்பரத்தில் இது வராது. ஃபுளூரைடு வெளியிடும் பண்பு மட்டும் தவறாமல் வரும். வெளியிடுவது உண்மை; முதல் நாட்களில் மிகுதியாக வந்து பிறகு மிகக் குறைந்த அளவில் தொடர்கிறது. அதனால் உறையின் விளிம்பில் சொத்தை குறைகிறது என்பது வாயில் நடந்த சோதனைகளில் ஐயமற நிறுவப்படவில்லை.

ஃபுளூரைடு என்றதும் நம் வட்டாரத்தின் வேறொரு கதையும் சேர்ந்துகொள்கிறது. சிறுவாணி நீர் குடித்து வளர்ந்தவரின் பல்லும், தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவரின் பல்லும் ஒன்றல்ல. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர விதி சொல்கிறது. அதைத் தாண்டிய கிணறுகள் அங்கு ஏராளமாக இருந்தமையால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் பழுப்பேறிய பற்கள் இப்போது மருத்துவரின் நாற்காலிக்கு வருகின்றன. இவற்றின் எனாமல் வெளிப்புறத்தில் அமிலத்துக்கு எளிதில் மசியாது. உட்புறத்திலோ நுண்துளைகள் மிகுந்தது. அமிலத்தால் அரித்து ஒட்டும் பிசினுக்கு இது முக்கியச் செய்தி. இத்தகைய பற்களில் செய்த சோதனைகளில் சில ஒட்டுதல் குறைவதாகவும், சில மாறுவதில்லை என்றும் கூறுகின்றன. நலமான பல்லில், சில வேளை மாட்டுப் பல்லில் அளந்த 20 மெகாபாஸ்கலை அப்படியே பென்னாகரத்துக்குக் கொண்டுபோக முடியாது.

உறையை விட்டுச் சொத்தை அடைப்புக்கு வந்தால் கிளாஸ் அயனோமரின் நிலை உயர்கிறது. 1980-களின் நடுவில் தான்சானியாவில் யோ பிரென்கன் தொடங்கிய முறையில், மின்சாரத் துளைக்கருவி இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துக் கெட்டியான கிளாஸ் அயனோமரால் அடைக்கின்றனர். 1994-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. பள்ளிக்கூடத் திண்ணையிலேயே செய்யக்கூடியது. பட்டியலில் பிசின் அடைப்பைவிட இதன் வலிமை குறைவு. ஆனால் பிசின் அடைப்புக்கு உலர்ந்த பல்லும், ஒளி விளக்கும், மின்சாரமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த சிறு சொத்தைகளில் இது நன்கு நிலைக்கிறது. இரு பற்கள் சந்திக்கும் பக்கத்தையும் உள்ளடக்கிய பெரிய சொத்தைகளில் தோல்வி அதிகம். வலிமை எண் ஒன்றே. சொத்தையின் வடிவம் வேறு.

ஒப்பீட்டுப் பட்டியலைத் தயாரிப்பவர்களிடம் கேட்க வேண்டியவை சிலவே. சராசரியோடு சிதறலையும் எத்தனை மாதிரிகள் என்பதையும் அச்சிடட்டும். ஒரு நாள் நீரில் கிடந்த எண்ணோடு ஓராண்டு கிடந்த எண்ணையும் தரட்டும். ஒட்டிய பரப்பின் அளவைச் சொல்லட்டும். வேலை நேரத்தை 23 டிகிரியோடு 28, 33 டிகிரியிலும் அளந்து போடட்டும். கடைசியாகச் சொன்னதற்குப் பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை. 400 கிராம் எடையும் ஒரு மில்லிமீட்டர் தட்டை முனையும் கொண்ட ஊசி, வெப்பநிலை காக்கும் பெட்டி, ஈரப்பதமானி, நிறுத்துக் கடிகாரம் ஆகியவை போதும். ஊசி சிமெண்டில் முழுத் தடம் பதிக்காத நேரமே இறுகும் நேரம். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றும் பக்கத்துக் கலைக்கல்லூரியின் இயற்பியல் துறையும் சேர்ந்தால், ஒரு கோடை விடுமுறையிலும் அதையடுத்த மழைக்காலத்திலும் நம் சந்தையில் கிடைக்கும் எல்லாச் சிமெண்டுகளையும் அளந்து முடித்துவிடலாம்.